பரோக் இசையும் நம் காதும்: வரும் கச்சேரிப் பருவத்திற்கு ஒரு முன்பாடம்

‘இசைக்கு மொழி இல்லை’ என்று பள்ளி விழா மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான கருத்துதான். இருப்பினும் என்னால் அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. தோடி ராக ஆலாபனையை முதன்முதலாகக் கேட்ட என் சீனத் தோழிக்கு அது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்றே பிடிபடவில்லை. அதேபோல, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனியில் எது முடிந்தது, எது தொடர்கிறது என்று தெரியாமல் நம்மில் பலர் விழிப்பதுண்டு. காது இருவருக்கும் உண்டு, பழக்கம்தான் வேறு. இசைக்கும் இலக்கணம் உண்டு, அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் ‘டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ்’ எனும் இசையரங்கம் உள்ளது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட இவ்வரங்கம் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இருப்பிடமாகும். கே.எல்.சி.சி.க்குச் சென்று கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் நம்மில் அரிது. அந்த அரங்கத்தின் கதவைத் தாண்டியவர் அதைவிட அரிது. பருவந்தோறும் அங்கு எந்த நாளில் எந்தப் படைப்பு இசைக்கப்படும் என்ற நிகழ்ச்சி நிரல் வெளியாகிறது. அடுத்த பருவத்தின் நிரல் கைக்கு வரும்போது ஒரு தமிழ் மாணவர் அதைத் தயக்கமின்றிப் புரட்ட வேண்டும். இதுவே என் நோக்கம். அனைத்தையும் பேச இங்கு இடமில்லை. 1600 முதல் ஏறக்குறைய 1820 வரையிலான பரோக், செவ்வியல் ஆகிய இரு காலப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் இசைத்துறை மாணவி அல்லேன், கணக்கியல் பயில்பவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தேவாரமும் திருப்புகழும் பாடினேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோது புறப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளி வாத்தியக் குழுவில் கையில் ஒரு கிளாரினெட்டைக் கொடுத்தார்கள். (அக்குழுவை மலாயில் ‘பஞ்சராகாம்’ என்பர். பஞ்சமும் இராகமும் அந்தச் சொல்லில் இருப்பதைக் கண்டு உறவினர் வீட்டிற்கு வந்ததைப் போல் மகிழ்ந்தேன். உள்ளே ஒலித்ததோ அணிவகுப்பு இசை!) ஐந்து கோடுகளில் எழுதும் மேலை இசைக்குறிப்பை அங்குதான் கற்றேன். ஒரு பள்ளியில் கேட்ட இசையை மற்றொரு பள்ளியில் கற்ற இசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அன்று தொட்டு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கட்டுரையின் தலைப்பைச் சொன்னதும் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், “ஏம்மா, தமிழ்க் கழக இதழுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். நியாயமான கேள்வி. “அண்ணா, இதையெல்லாம் நாம தமிழ்ல பேசலேன்னா, அந்த அரங்கத்துக்குப் போறப்ப தமிழைச் செருப்பு மாதிரி வாசல்லயே கழற்றி வச்சிட்டுத்தானே போகணும்?” என்றேன். அவர் பக்க எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட்டுவிட்டு இசைந்தார். தமிழால் இது இயலாத காரியமும் அன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ எனும் பெருநூலில் மேலைநாட்டுச் சுரக் கணக்குகளையும் தமிழிலேயே ஆராய்ந்துள்ளார். அவர் அவ்வளவு செய்திருக்க, நாம் ஒரு நிகழ்ச்சி நிரலையாவது தமிழில் படித்துப் பார்க்கலாம் அல்லவா?

இரு சொற்கள்

‘பரோக்’ என்பது கோணலான முத்தைக் குறிக்கும் ஒரு போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தொடக்கத்தில் அது பாராட்டுச் சொல் அன்று. அளவுக்கு மீறி அலங்கரிக்கப்பட்டது என்று பழிப்பதற்கே பயன்பட்டது. இன்று அது காலத்தின் பெயராகிவிட்டது. இத்தாலியில் இசைநாடகம் பிறந்த 1600ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, யோஹான் செபாஸ்டியன் பாக் மறைந்த 1750 வரையிலான காலமே பரோக் காலம். விவால்டி, ஹாண்டல், டெலிமன் முதலியோரும் இக்காலத்தவரே.

‘கிளாசிக்கல்’ என்ற சொல்தான் குழப்பத்தைத் தருகிறது. பொதுவாக மேலை மரபிசை முழுவதையும் நாம் அப்படி அழைக்கிறோம். நிகழ்ச்சி நிரலிலோ அது பெரும்பாலும் குறுகிய பொருளில் வரும்: 1750க்குப் பின் ஹைடன், மொசார்ட், இளமைக் காலப் பீத்தோவன் ஆகியோர் வியன்னாவை மையமாகக் கொண்டு வளர்த்த இசை. இக்கட்டுரையில் ‘செவ்வியல்’ என்று நான் குறிப்பிடுவது இந்தக் குறுகிய பொருளில்தான்.

நிரலில் ஒரு வரியைப் படித்தல்

நிரலில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ‘பாக், பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ எண் 5, டி மேஜர், பி.டபிள்யூ.வி. 1050, அலெக்ரோ, அஃபெட்டுவோசோ, அலெக்ரோ’. முதல் பார்வைக்கு இது மருந்துச் சீட்டைப் போல் தோன்றும். ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

கன்செர்ட்டோ என்பது தனிக்கருவி ஒன்றோ சிலவோ முன்னின்று, முழுக் குழுவோடு மாறி மாறி இசைக்கும் வடிவம். இந்தப் படைப்பில் முன்னிற்பவை புல்லாங்குழல், வயலின், ஹார்ப்சிகார்ட் ஆகிய மூன்று. பிராண்டன்பர்க் என்பது ஆட்சிப்பகுதியின் பெயர். அப்பகுதியின் இளவரசர் ஒருவருக்கு 1721இல் பாக் இத்தகைய ஆறு படைப்புகளை அழகாகப் படியெடுத்து அனுப்பினார். டி மேஜர் என்பது எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு எந்தச் சுர வரிசையில் இசை அமைந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. மேஜர் என்றால் ஏறக்குறைய நம் சங்கராபரணத்தின் சுரங்கள். மைனரில் ஒரு வகை நடபைரவியோடும் இன்னொரு வகை கீரவாணியோடும் ஒத்துப்போகும். சுரங்கள் மட்டும்தான் ஒன்று. கமகமும் பிரயோகமும் சேர்ந்தால்தானே அது ராகம்! எனினும் காதுக்கு முதல் கைப்பிடியாக இந்த ஒப்பீடு உதவும்.

பி.டபிள்யூ.வி. என்பது பாக் படைப்புகளின் பட்டியல் எண். பாக்கிற்கே இந்த எண் தெரியாது. 1950இல் ஷ்மீடர் என்ற அறிஞர் தொகுத்த பட்டியல் அது. மொசார்ட்டின் பெயருக்குப் பின் வரும் ‘கே’ என்ற எழுத்து, 1862இல் பட்டியல் வெளியிட்ட கோக்கெல் என்பவரைக் குறிக்கும். விவால்டிக்கு ஆர்.வி., ஹைடனுக்கு ஹோப். நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணைப் போல இவை தேடி எடுக்க மட்டுமே உதவுபவை.

கடைசியில் உள்ள மூன்று இத்தாலியச் சொற்கள்தாம் மிகவும் பயன்படுபவை. படைப்புக்கு மூன்று பகுதிகள். முதலாவது விரைவு, இரண்டாவது உருக்கம், மூன்றாவது மீண்டும் விரைவு. இதைத் தெரிந்துகொண்டால் இடையில் ஏற்படும் அமைதிகளை எண்ணிக்கொண்டே எங்கிருக்கிறோம் என்பதை அறியலாம்.

இந்த ஐந்தாம் கன்செர்ட்டோவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்ப்சிகார்ட் அக்காலத்தில் பெரும்பாலும் பின்னணியில் நின்று துணை செய்யும் கருவி. பாக் இங்கு முதல் பகுதியின் இறுதியில் மற்ற எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, அந்தத் துணைக்கருவியை மட்டும் 65 இசைக்கட்டங்கள் தனியே ஓடவிடுகிறார். நமக்கு இது புதிதன்று. கச்சேரி முழுதும் பாட்டிற்குத் துணை நின்ற மிருதங்கத்திடம் தனி ஆவர்த்தனத்தில் மேடையையே ஒப்படைத்துவிடும் மரபில் வந்தவர்கள் நாம்.

இது யாருடைய இசை?

கச்சேரிக்குப் போகவேண்டும் என்று வீட்டில் சொன்னபோது என் அம்மா, “அதெல்லாம் நம்ம போற இடமா?” என்றார். கட்டணத்தை எண்ணி மட்டும் அவர் அப்படிக் கேட்கவில்லை. லாரி ஓட்டுநரின் மகள் பட்டு விரிப்பில் நடப்பதைப் பற்றிய கூச்சம் அது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இவ்விசைஞர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது.

விவால்டி 1703 முதல் வெனிஸ் நகரில் ‘பியேட்டா’ என்ற காப்பகத்தில் வயலின் கற்பித்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் இல்லம் அது. அங்கு வளர்ந்த பெண்களில் இசைத்திறம் உள்ளவர்கள் பாடவும் கருவிகளை இசைக்கவும் பயிற்சி பெற்றனர். தேவாலயத்தின் மேல்மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், கேட்போர் கண்ணில் படாமல் அவர்கள் இசைத்தார்கள். அதைக் கேட்க ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். தந்தை பெயர் அறியாத அப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அன்னா மரியா என்ற புகழ்பெற்ற கலைஞரை ‘வயலின் அன்னா மரியா’ என்று பொருள்படும்படியே அழைத்தார்கள். கருவியே அவருக்குக் குடும்பமாயிற்று. ‘நான்கு பருவங்கள்’ இன்று எத்தனையோ விடுதிகளின் மின்தூக்கியில் ஒலிக்கிறது. அதை இயற்றியவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் எழுதியது இத்தகைய பெண்களின் விரல்களுக்காகத்தான் என்பதை அறிந்தபின், என்னால் அதை மின்தூக்கி இசையாகக் கேட்க முடியவில்லை.

பாக் 1717இல் வைமார் அரண்மனைப் பணியிலிருந்து விலகி வேறிடம் செல்ல விரும்பினார். விடுவிக்குமாறு பிடிவாதமாகக் கேட்டதற்காக ஏறக்குறைய நான்கு வாரம் காவலில் வைக்கப்பட்டார். ஹைடனின் தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் சேர்ந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தப்படி, அவர் பணியாளர் சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிந்து நாள்தோறும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை உண்டா என்று கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் இயற்றியவை பிரபுவுக்கே சொந்தம், பிறருக்குத் தரக்கூடாது. தோட்டப்புறத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் இருந்த இடைவெளியைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

அந்த ஹைடன் 1772இல் எழுதிய 45ஆம் சிம்பொனியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. கோடைகால அரண்மனையில் பிரபு தங்கும் காலம் நீண்டுகொண்டே போனது. இசைஞர்களோ குடும்பத்தைப் பிரிந்து வாடினர். வாய்விட்டுக் கேட்கவும் இயலாது. ஹைடன் இறுதிப் பகுதியை ஒரு விண்ணப்பமாக்கினார். விரைவாக ஓடிய இசை திடீரென்று மெதுவாகிறது. ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்லிய குரலில் இசைத்து ஓய்கின்றன. பிரபு புரிந்துகொண்டு மறுநாளே புறப்பட ஆணையிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ‘விடைபெறும் சிம்பொனி’ என்று நிரலில் கண்டால் தவறவிடாதீர்கள்; சில அரங்குகளில் இன்றும் கலைஞர்கள் அவ்வாறே எழுந்து செல்வார்கள்.

ஹாண்டலின் ‘மெசையா’ 1742 ஏப்ரல் 13ஆம் நாள் டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. அதன் வருவாயில் ஒரு பங்கு கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கப் பயன்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர். கூட்டம் மிகும் என்பதால் பெண்கள் வளையம் வைத்த பாவாடையையும் ஆண்கள் வாளையும் தவிர்த்து வருமாறு முன்கூட்டியே வேண்டிக்கொண்டார்களாம். அரங்கில் என்ன உடுத்துவது என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது!

அம்மாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். மெழுகுவத்திக் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டார்.

பருவம் என்ற வழக்கம்

‘கச்சேரிப் பருவம்’ என்ற ஏற்பாடு எப்படித் தோன்றியது? பாரிஸ் நகரில் கிறித்துவத் தவக்காலத்திலும் பிற புனித நாள்களிலும் இசைநாடக அரங்குகள் மூடப்பட்டிருந்தன. அந்த வெற்று நாள்களைப் பயன்படுத்தி 1725இல் பிலிடோர் என்பவர் ‘கன்செர் ஸ்பிரிச்சுவெல்’ என்ற பொதுக் கச்சேரித் தொடரைத் தொடங்கினார். அரண்மனைக்கு அழைப்பில்லாதவரும் பணம் கொடுத்து உள்ளே செல்லலாம். அத்தொடர் 1790 வரை நீடித்தது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்ததோ நம்மைப் போன்ற மாணவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. டெலிமன் சட்டம் பயிலும் மாணவராக இருந்தபோது 1702இல் பல்கலைக்கழகத் தோழர்களைக் கூட்டி ஓர் இசைக் கழகம் அமைத்தார். 1729இல் அதன் தலைமை பாக்கிடம் வந்தது. சிம்மர்மன் என்பவரின் காப்பிக்கடையில் வாரந்தோறும் கூடி இசைத்தார்கள். ஆக, இன்று இரட்டைக் கோபுரத்தின் அடியில் பயபக்தியோடு கேட்கப்படும் சில படைப்புகள், அன்று காப்பி மணத்தின் நடுவே மாணவர்கள் வாசித்தவை. நம் கழகத்திற்கும் சிற்றுண்டிச்சாலை ஒன்று உண்டு. மற்றது வாசகர் கற்பனைக்கு.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கச்சேரிப் பருவத்தில் பெரும்பாலும் புத்தம் புதிய படைப்புகளே இசைக்கப்பட்டன. எஸ்டர்ஹாசி பிரபு 1790இல் மறைந்தபின் ஹைடனை லண்டனுக்கு அழைத்துச் சென்ற சாலமன், அவர் லண்டனுக்கென்றே புதிதாக எழுதிய சிம்பொனிகளைக் காட்டித்தான் சந்தாதாரர்களைச் சேர்த்தார். பழையதை மீட்டெடுக்கும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. பாக்கின் ‘மத்தேயு திருப்பாடுகள்’ அவர் மறைந்து 79 ஆண்டுகளுக்குப் பின், 1829இல் பெர்லினில் மெண்டல்சனால் மீண்டும் அரங்கேறியது. அப்போது மெண்டல்சனுக்கு வயது 20, என்னைவிட இரண்டு குறைவு. விவால்டியின் கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி 1920களில்தான் இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டது.

எப்படிக் கேட்பது?

முதல் பயிற்சிக்குப் பாஹல்பெல்லின் ‘கானன்’ உகந்தது. விடுதித் திருமணங்களில் மணமக்கள் நுழையும்போது ஒலிப்பதால் உங்களுக்கு அது முன்பே பழக்கமாக இருக்கும். மேலே உள்ள வயலின்களை மறந்துவிட்டு அடியில் ஒலிக்கும் செல்லோவை மட்டும் கேளுங்கள். எட்டே சுரங்கள். அவை மாறாமல் 28 முறை திரும்ப வருகின்றன. அதற்கு மேல் மூன்று வயலின்கள் ஒரே இசையை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கித் துரத்துகின்றன. எட்டுச் சுரத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே எத்தனை நெரிசல் ஆனாலும் வழி தவறாது.

பரோக் இசையின் உயிர் அந்த அடிக்குரலில்தான் உள்ளது. செல்லோவும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து அதைத் தாங்குவதை ‘கன்டினுவோ’ என்பர். நம் தம்பூரா ஆதார சுரத்தில் நிற்கும். கன்டினுவோ நடந்துகொண்டே இருக்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஹார்ப்சிகார்ட் கலைஞருக்கு அடிக்குரல் வரியும் அதன்மீதோ கீழோ சில எண்களும் மட்டுமே தரப்படும். 6 என்றால் இன்ன சுரங்களைச் சேர்த்து நிரப்ப வேண்டும் என்பது கணக்கு. எப்படி நிரப்புவது என்பது அவருடைய மனோதர்மம். மேலை இசையில் எல்லாமே தாளில் எழுதப்பட்டிருக்கும் என்ற நம் பொதுவான எண்ணம் பரோக் காலத்திற்குப் பொருந்தாது. ஹாண்டலின் பாடல்களில் முதற்பகுதி, இரண்டாம் பகுதி, மீண்டும் முதற்பகுதி என்ற அமைப்பு மிகுதி. திரும்பி வரும்போது பாடகர் அதே வரியைப் புது அலங்காரங்களோடு பாட வேண்டும் என்பது அக்கால எதிர்பார்ப்பு. சங்கதி சேர்ப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எவ்வளவு இயல்பானது!

விவால்டியின் கன்செர்ட்டோக்களில் முழுக்குழு இசைக்கும் தொடக்க வரி, தனி வயலினின் ஓட்டங்களுக்கிடையே திரும்பத் திரும்ப வரும். ‘சிறு திரும்புதல்’ என்று பொருள்படும் ‘ரிட்டோர்னெல்லோ’ என்பது அதன் பெயர். பல்லவி என்று எண்ணிக்கொண்டு கேளுங்கள், போதும். ஒரு பகுதி முழுவதும் பெரும்பாலும் ஒரே உணர்ச்சியில் நிற்பதும் நமக்கு வசதியே.

எல்லாமே இவ்வளவு எளிது என்று சொல்லிவிட மாட்டேன். பல குரல்கள் சமமாகப் பின்னி நடக்கும் முறை நம் மரபிசையில் இல்லை. பாக் எழுதிய இரு வயலின் கன்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியில் இதைப் பழகலாம். முதல் தடவை ஒரு வயலினை மட்டும் பின்தொடருங்கள், மறுமுறை மற்றொன்றை. மூன்றாம் முறையில் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து நகர்வது தானே புலப்படும். எனக்கு ஒரு வாரம் ஆனது. பேருந்தில் காதுக்கருவியோடு கேட்டேன்.

செவ்வியல் காலத்திற்கு வரும்போது கன்டினுவோ மெல்ல மறைகிறது, நாடகம் தொடங்குகிறது. இங்குதான் நம் காதுக்கு உண்மையான சோதனை. கர்நாடக இசையில் கச்சேரி தொடங்கியது முதல் முடியும்வரை ஆதார ஷட்ஜம் அசையாது. மொசார்ட், ஹைடன் சிம்பொனிகளின் முதல் பகுதியில் அந்த ஆதாரமே இடம்பெயர்கிறது. வீட்டில் தொடங்கி, வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, அலைந்து, மீண்டும் வீடு திரும்புவதே கதை. மொசார்ட் 1788இல் எழுதிய 40ஆம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். ஜி மைனரில் பதற்றமாகத் தொடங்குகிறது. சற்று நேரத்தில் பி-ஃபிளாட் மேஜருக்குப் பெயர்ந்து அமைதியான இரண்டாம் கருப்பொருள் ஒன்று வருகிறது. கடைசியில் வீடு திரும்பும்போது அதே இரண்டாம் கருப்பொருள் மீண்டும் வரும். இம்முறை ஜி மைனரில். அயலூரில் சிரித்த முகம் வீட்டிற்கு வந்ததும் வாடிவிடுகிறது. சொல் ஒன்றும் இல்லாமல் இப்படியும் ஒரு துயரத்தைச் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மொசார்ட் உங்களுக்கு முற்றிலும் புதியவரும் அல்லர். டைட்டன் கைக்கடிகார விளம்பரத்தில் ஒலித்த இசை அவர் 1773இல், 17 வயதில் எழுதிய 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுக்கப்பட்டதே.

வயலின் வந்த வழி

இவ்விரு இசைகளும் நேராகச் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. ஹைடனும் பீத்தோவனும் வாழ்ந்த அதே தலைமுறையில், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாத்தியக் குழுக்கள் இசைத்துவந்தன. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கு ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியானார். முத்துசாமி தீட்சிதரோ தாம் கேட்ட மேலை மெட்டுகளுக்குச் சமஸ்கிருதப் பாடல் புனைந்தார். ‘நோட்டுஸ்வரம்’ எனப்படும் அவை முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றில் ஒன்று ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது. வந்த கருவியை நம்மவர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. மேலைநாட்டில் அதன் நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஏறிச்செல்லும்; இங்கு ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டினார்கள். தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் சாய்த்து, இடக்கை கமகத்திற்குத் தாராளமாக வழுக்கிச் செல்ல வழி செய்தார்கள். இக்காலத்தில் இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் பாக்கின் பெயரையே தாங்கிய ஓர் உருப்படி உண்டு. அரங்கத்திற்குப் போகுமுன் வீட்டில் கேட்க அதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை.

பரோக் வயலின் என்று நிரலில் தனியே குறித்திருந்தால், அதன் தந்திகள் உலோகத்தால் அன்றி ஆட்டுக் குடலால் ஆனவை என்று கொள்ளலாம். ஒலி சன்னமாக இருக்கும். சுருதியும் இன்றைய அளவைவிட ஏறக்குறைய அரைச்சுரம் தாழ்வாக அமைவது வழக்கம். ‘ஏ’ என்ற சுரம் 440க்குப் பதிலாக 415 அதிர்வுகள்.

அரங்கத்திற்குள்

கைத்தட்டல்தான் எல்லாரும் அஞ்சும் விஷயம். படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்தபின் தட்டுவதே இன்றைய மரபு. மொசார்ட் காலத்தில் அப்படி இல்லை. 1778 ஜூனில் மேற்சொன்ன பாரிஸ் தொடரில் அவருடைய 31ஆம் சிம்பொனி அரங்கேறியபோது, கேட்டோர் இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டினர். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதியதாக அவர் தந்தைக்கு மகிழ்ச்சியோடு மடல் எழுதினார். நல்ல சங்கதிக்கு உடனே ‘ஆகா’ போடும் நம் பழக்கம் அவருக்குப் பிடித்திருக்கும் என்றே எண்ணுகிறேன். ஆயினும் போன இடத்தின் முறையை மதிப்போம். ஐயம் இருந்தால் இசை நடத்துநரின் கையைப் பாருங்கள். அது முழுதும் தாழ்ந்து அவர் அவையை நோக்கித் திரும்பும்போது தட்டலாம். சிறிய பரோக் குழுவில் நடத்துநர் என்று தனியே ஒருவர் இல்லாமலும் போகலாம். வயலின் தலைவரோ ஹார்ப்சிகார்டில் அமர்ந்திருப்பவரோ தலையசைப்பால் நடத்துவார்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிறு குறிப்பு. ஹார்ப்சிகார்டின் தந்திகள் பியானோவில் போல் சுத்தியலால் அடிக்கப்படுவதில்லை. வீணையைப் போல் மீட்டப்படுகின்றன. விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி பெரிதாகாது. ஆகவே நிரலில் பாக், விவால்டி பெயர் இருக்கும் நாளில் மேடைக்கு அருகில் கிடைக்கும் இடத்தை எடுங்கள். பெரிய சிம்பொனி என்றால் பின்வரிசையின் மலிவான சீட்டிலும் குறை இருக்காது. முன்பதிவின்போது மாணவர் சலுகை உண்டா என்று கேட்க மறவாதீர்கள். கச்சேரி தொடங்கியபின் வருபவர்களைப் பொதுவாக இடைவெளிவரை உள்ளே விடமாட்டார்கள், எனவே கே.எல்.சி.சி. நிலையத்தில் இரயிலைவிட்டு இறங்கி அரங்கம்வரை நடக்க, கூட்ட நாளில் கால்மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.